சீனாவில் படிக்கும் முன் சீனமொழி

மருத்துவம் படிக்கச் சீனா செல்லலாமா என்று மேல்நிலை மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளி பேசுவது சீனம்தான். எனவே அம்மொழி கற்கும் முறையை அறிந்து நாம் வழிகாட்ட வேண்டும்.

சீனத்தில் தொனி மாறினால் பொருளும் மாறும். 'மா' என்பதை உயர்ந்த ஒரே சுருதியில் ஒலித்தால் அம்மா. கீழிருந்து மேலேற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. சட்டென இறக்கினால் திட்டுதல். அதனால் தொடக்கத்தில் காதுக்கும் நாவுக்குமே அதிகப் பயிற்சி. 1958 இல் ஏற்கப்பட்ட 'பின்யின்' என்னும் ரோமன் எழுத்துமுறை ஒலிப்புக்குத் துணை நிற்கும்.

சீன எழுத்துகளை வெறுமனே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'அம்மா'வைக் குறிக்கும் எழுத்தின் இடப்பகுதி 'பெண்'. அது பொருளைக் காட்டும். வலப்பகுதி 'குதிரை', அது 'மா' என்னும் ஒலியைக் காட்டும். பல எழுத்துகள் இவ்வாறே அமைந்தவை.

சீனமொழிவழிப் பட்டப்படிப்பில் சேர, பொதுவாக ஹெச்.எஸ்.கே. மொழித்தேர்வில் நான்காம் நிலையோ அதற்கு மேலோ தேவை. அது இல்லாதோர் பெரும்பாலும் ஓராண்டு மொழி வகுப்பில் அமர்வர்.

கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல்: முதல் வகுப்பில் நாம் பின்பற்றும் வரிசையே இங்கும் பொருந்தும். ஆகவே ஆலோசனை கேட்டு வருவோரிடம் கட்டணத்தைப் பற்றிப் பேசும் முன், "மொழிக்கு ஓராண்டு ஒதுக்குவாயா?" என்றே நான் கேட்கிறேன்.