எண்ணிக்கை சரி, செல் வேலை செய்கிறதா?

குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது வெள்ளையணு எண்ணிக்கையைத்தான். லேப் டெக்னீஷியனாகப் பல வருஷம் அந்தத் தாளை நீட்டியவள் நான். "கவுண்ட் நார்மல்னுதானே போட்டிருக்கு மேடம், அப்புறம் ஏன் புள்ளைக்கு நிமோனியா மாத்தி மாத்தி வருது?" என்று கேட்கும் தாய்க்கு, எண்ணிக்கை வேறு, வேலை வேறு என்று விளக்க கவுன்ட்டரில் நேரம் கிடைப்பதில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

1990களில் ஜெர்மனியில் ஆராயப்பட்ட இரண்டு சகோதரர்களின் கதை இதற்கு நல்ல சாட்சி. கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான தொற்றுகள். ரத்தத்தில் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வேண்டிய அளவு இருந்தன, பார்வைக்கும் குறை இல்லை. ஆனால் தூண்டினால் அசையவில்லை. ஒரு குழந்தை இறந்துவிட்டது. இன்னொருவன் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் பிழைத்தான்.

காரணம் தெரிய 2006 வரை ஆனது. ஹார்வர்டில் ஸ்டெஃபான் ஃபெஸ்கே, அஞ்சனா ராவ் குழுவினர் அந்தக் குடும்பத்தின் மரபணுக்களையும் பழ ஈயின் செல்களையும் சேர்த்து ஆராய்ந்து, 'ஓராய்1' என்ற புரதத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். 301 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. அதில் 91ஆவது இடத்தில் அர்ஜினைனுக்குப் பதிலாக டிரிப்டோபேன் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரே மாற்றம் ஒரு குழந்தையின் உயிரைப் பறித்திருக்கிறது.

ஓராய்1 என்பது டி செல்லின் மேல்சவ்வில் உள்ள கால்சிய வாய்க்கால். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. ஏரியின் மதகு போல, திறந்தால் போதும், தானாகவே உள்ளே பாயும். எப்போது திறப்பது என்பதை முடிவு செய்வது ஸ்டிம்1 என்ற இன்னொரு புரதம். டி செல் கிருமியின் துண்டை அடையாளம் கண்டதும், செல்லுக்குள் சேமித்து வைத்திருந்த கால்சியம் முதலில் வெளிப்படும். இருப்பு குறைந்ததை உணரும் ஸ்டிம்1, மேல்சவ்வின் அருகே நகர்ந்து வந்து ஓராய்1-ஐத் திறந்துவிடும்.

இந்தப் பாய்ச்சல் மணிக்கணக்கில் நீடிக்க வேண்டும். கால்சியம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது உள்ளே வர வர, மேற்கொண்டு வருவது கடினமாகும். அதைச் சரிக்கட்ட பொட்டாசியம் வேறொரு வாய்க்கால் வழியாக வெளியேறுகிறது. மனித டி செல்லில் இப்படி ஒரு பொட்டாசிய வாய்க்கால் இருப்பது 1984இலேயே தெரிந்துவிட்டது. உள்ளே சேர்ந்த கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. அதன் பிறகுதான் செல் பெருகுவதற்கான கட்டளை மரபணுவுக்குப் போகிறது. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மாத்திரை தடுப்பது இந்தக் கால்சினியூரினைத்தான். அவர்களுக்குத் தொற்று சுலபமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் மேஜையில் இது எப்படித் தெரியும்? கவுண்ட் பார்க்க ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்போம். அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. எண்ணுவதற்கு அது போதும். செல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஹெப்பாரின் உள்ள பச்சை மூடிக் குழாய் வேண்டும். டி செல்கள் அடங்கிய லிம்போசைட்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றைத் தூண்ட ராஜ்மா குடும்பத்து விதையிலிருந்து எடுக்கும் பி.எச்.ஏ. என்ற புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரி இன்குபேட்டரில் சுமார் மூன்று நாள் வைப்பார்கள். ஆரோக்கியமான டி செல்கள் பருத்து, பிரிந்து, பெருகியிருக்கும். ஓராய்1 பழுதானவை போட்ட அளவிலேயே கிடக்கும். ஊதா மூடிக் குழாய் இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது.

ஓராய்1 வாய்க்கால் வேறு உறுப்புகளிலும் வேலை செய்கிறது. அதனால் அது பழுதான குழந்தைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும், வியர்க்காது, பல் எனாமல் சரியாக உருவாகாது. அடிக்கடி தொற்று வரும் குழந்தைக்கு வியர்ப்பதே இல்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

இது மிக அரிய நோய். குழந்தைக்கு இரண்டு முறை சளி பிடித்ததும் யாரும் பயந்துவிட வேண்டாம். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும். அந்தச் சகோதரர்களின் பெற்றோரும் உறவினர்கள்தான். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று நாம் உறவுக்குள் கட்டிக்கொடுக்கிறோம். அதனால் இப்படிப்பட்ட நோய்கள் நமக்கு அடுத்த ஊர்க் கதை அல்ல.

பி.சி.ஜி.யும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆனவை. டி செல் வேலை செய்யாத குழந்தைக்கு அவையே ஆபத்தாகலாம். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அவற்றைத் தவறாமல் போட வேண்டும். முந்தைய குழந்தை தொற்றால் இறந்த வீட்டில் மட்டும், பிறந்த உடனேயே, தடுப்பூசிக்கு முன்பே, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். கவுண்ட் சரியாக இருந்தும் கடுமையான தொற்று திரும்பத் திரும்ப வந்தால், செல்லின் வேலையைப் பார்க்கும் பரிசோதனை உண்டா என்று நீங்களே கேளுங்கள்.