9 மணி நேர ஈரம்: எசனில் ஓர் ஆப்பிள் கன்றின் கணக்கு

ஜெர்மனியின் எசன் நகரில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 930 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரியும் 920 மில்லிமீட்டரை ஒட்டியதே. மொத்த அளவில் வேறுபாடு ஏறத்தாழ 1 சதவீதம். பரவலில்தான் பெரும் வேறுபாடு. தமிழ்நாட்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதங்களில் பெய்துவிடுகிறது. எசனில் 12 மாதமும் மழை உண்டு. மாதச் சராசரி 77 மில்லிமீட்டர். அங்கே 1 மில்லிமீட்டருக்குக் குறையாத மழைநாள்கள் ஆண்டுக்கு 130 அளவில் வரும்; தமிழ்நாட்டுச் சமவெளி நகரங்களில் 40 முதல் 60. இந்திய வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டரிலிருந்தே மழைநாளாக எண்ணுவதால் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் இத்தனை பெரிய இடைவெளிக்கு அது மட்டும் காரணமாகாது.

ஆப்பிள் இலையில் வரும் சொறி நோய்க்கு மழையின் அளவு பெரிதல்ல. இலை எத்தனை மணி நேரம் காயாமல் இருந்தது என்பதே முக்கியம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ் 1944இல் இதற்கு ஓர் அட்டவணை தந்தார். 16 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 9 மணி நேர ஈரம் போதும். 10 பாகையில் 14 மணி நேரம் வேண்டும். அதே 10 பாகையில் ஈரம் 29 மணி நேரம் நீடித்தால் தொற்று கடுமையாகும். எசனின் ஏப்ரல் சராசரி வெப்பம் 10 பாகையை ஒட்டியது. மாலை 6 மணிக்கு 2 மில்லிமீட்டர் தூறி, மறுநாள் காலை 8 மணி வரை இலை காயாவிட்டால் 14 மணி நேரம் நிறைந்துவிடும்.

தொற்றியபின் புள்ளி கண்ணில்பட, வெப்பத்தைப் பொறுத்து 9 முதல் 17 நாள் ஆகும். ஒலிவப் பச்சையும் கறுப்பும் கலந்து வெல்வெட் போலப் படர்ந்தால் அது சொறி. வெண்பொடி பூத்தால் சாம்பல் நோய். நரம்பு பச்சையாகவே நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. அதற்குப் பூசணக்கொல்லி வீண் செலவு. சொறி என்று உறுதியான அன்றைக்கு வாங்கும் மருந்தோ 9 நாளேனும் பிந்தியது. அது புள்ளி விழுந்த இலையைத் திருத்தாது. புது இலையைக் காக்கலாம், அவ்வளவே.

காக்க எத்தனை முறை தெளிப்பது? ஏப்ரல் தொடக்கம் முதல் ஜூன் நடு வரை ஏறத்தாழ 10 வாரம் முதல்நிலைத் தொற்றுக்காலம். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை என்றால் 7 முதல் 10 தெளிப்புகள். செம்பு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு. அதாவது ஆண்டுக்கு 4 கிலோ, சதுர மீட்டருக்கு 0.4 கிராம். 4 சதுர மீட்டர் குடை விரித்த கன்றுக்கு இது ஆண்டுக்கு 1.6 கிராம், 7 ஆண்டில் 11.2 கிராம். செம்பு மண்ணில் சிதைவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தா என்று லேபிளில் பார்ப்பதும் கட்டாயம்: ஜெர்மனியின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 50,000 யூரோ வரை போகும்.

இந்தியாவில் சொறி நோய் 1935இல் காஷ்மீரில் அம்ரி ரகத்தில் பதிவானது. 38 ஆண்டு கழித்து, 1973இல், அங்கே சுமார் 70,000 ஏக்கரில் பரவியது. இழப்பு அன்றைய மதிப்பில் 54 லட்சம் ரூபாய், ஏக்கருக்கு 77 ரூபாய்.

சொறியை உண்டாக்கும் பூசணம் குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த சருகில். கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. வட கரோலினாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், சருகு முழுவதையும் பொடியாக்கியபோது நோய் அபாயம் 80 முதல் 90 சதவீதம் குறைந்தது. சருகின்மேல் 5 சதவீத யூரியா கரைசலை நவம்பரில் தெளித்தபோது காற்றில் பிடிபட்ட வித்துகள் 50 சதவீதமும், ஏப்ரலில் தெளித்தபோது 66 சதவீதமும் குறைந்தன. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் யூரியா. 4 சதுர மீட்டருக்கு இந்த 1 லிட்டர் போதும். அதிலுள்ள தழைச்சத்து 23 கிராம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அவை பழத்தோப்புகளில் கிடைத்த எண்கள்; அருகருகே அமைந்த சிறுதோட்டங்களில் நிலைமை வேறு. ஜெர்மன் சிறுதோட்டச் சட்டம் (1983) ஒரு தோட்டத்துக்கு வகுத்த உச்ச அளவு 400 சதுர மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 133 சதுர மீட்டர் அளவில், காய்கனி விளைய வேண்டும் என்பது 2004இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோல். ஆகவே சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆப்பிள் மரம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே அள்ளாமல் விட்ட சருகு நம் 80 சதவீதத்தைக் குறைக்கும். வேலியின் இருபுறத்தாரும் ஒரே வாரத்தில் சருகு வாரினால் பயன் கூடும்.

புதிதாக நடுபவர் டோபாஸ் போன்ற எதிர்ப்பு ரகத்தைக் கேட்டு வாங்கலாம். அதன் எதிர்ப்பு, மாலஸ் புளோரிபண்டா 821 என்ற ஒரே மரத்திலிருந்து வந்த மரபணுவைச் சார்ந்தது. ஹாம்பர்க் அருகே ஆரென்ஸ்பர்க்கில் 1984இலேயே இந்த எதிர்ப்பை மீறிய சொறி காணப்பட்டது. எனவே எதிர்ப்பு ரகக் கன்றுக்கும் 50 கிராம் யூரியாவைச் செலவுப் பட்டியலில் எழுதி வைப்பது நல்லது.