சாவி கொடுத்தால் பாடும் பெட்டி: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்து, சுழலும் தட்டின் மேல் ஊசியை இறக்கினால் போதும். 1933-லேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா கூடத்தில் நின்று பாடுவார்!

இந்தக் கிராமபோன் பெட்டிகள் நம்மூர் வீடுகளுக்குள் வந்த கதையைக் கேளுங்கள். சிவகங்கை மாவட்டத்தில், பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருக்கிறது நெற்குப்பை. பயண நூல்களால் புகழ்பெற்ற சோமலெ பிறந்த நகரத்தார் ஊர். இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள், திரும்பும்போது தேக்கும் கண்ணாடியும் எனாமல் பாத்திரமுமாகக் கொண்டுவந்து வீட்டை நிறைத்தார்கள். அந்தக் காலத்து நாகரிகச் சாமான் என்றால் அதில் கிராமபோனும் சேர்த்திதானே! பர்மா வியாபாரம் போய், பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கத் தொடங்கியதும் சாமான்கள் வெளியே வந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு அந்த வீடுகள்தான் ஊற்று.

ஏவி.எம். ஸ்டுடியோவின் வேர் ஒரு கிராமபோன் தட்டுக் கடை என்பது தெரியுமா? காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் இசைத்தட்டும் விற்றார்கள். வாடிக்கையாளர்கள் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பதைக் கவனித்த மகன் மெய்யப்பன், 1930களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் கூட்டாளிகளோடு தட்டு வியாபாரத்தில் இறங்கினார். ஜெர்மனியின் ஓடியன் தட்டுகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் சினிமா! 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தை எடுத்தது காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில். அதில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்களைத் தமிழ்நாடே பாடியது. மெய்யப்பன் தன்னிடமிருந்த பாரதி பாடல் உரிமையை 1949-ல் விட்டுக்கொடுத்தார். பாரதி பொதுச்சொத்தான கதையிலும் ஒரு தட்டு வியாபாரி இருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்புத்தான்.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கால்! மகாபாரதத்தில் பாண்டவர்களுக்கு மாளிகை கட்டினார்களே, அதே அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் குட்டிப் பூச்சிகள் சுரக்கும் பிசின். அது பெருமளவு நம் நாட்டிலிருந்துதான் உலகத்துக்கே போனது. அதோடு கல்மாவும் கரித்தூளும் பஞ்சும் சேர்த்து, சூட்டில் அழுத்தினால் தட்டு தயார். கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கிவிடும்.

கல்மா எதற்கு? ஊசியைத் தேய்க்க! கடையில் வாங்கும் புது எஃகு ஊசியின் முனை எல்லாத் தட்டுக்கும் ஒரே அச்சு. தட்டின் பள்ளமோ ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். முதல் சில சுற்றுகளிலேயே கல்மா உராய்ந்து, முனையைத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி தீட்டிக்கொள்கிறது. ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் அதே முனை உளியாகிவிடும். அதோடு அடுத்த தட்டில் வைத்தால் பாட்டைச் செதுக்கி எடுத்துவிடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது சட்டம். குட்டித் தகர டப்பாவில் ஊசிகளைக் கொத்தாக விற்றதும் அதனால்தான். ஊசி மிச்சம் பிடித்தவர்கள் வீட்டுத் தட்டுகள் சாம்பல் பூத்து, இரைச்சல் மட்டுமே கேட்கும்படி ஆகியிருப்பதைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துச் சொச்சம். அதற்குள் ஊசி கடக்கும் பள்ளத்தின் நீளம் நூறு மீட்டருக்கும் மேல்! மணிக்கணக்கில் ராகம் பாடிய வித்வான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கத்துக்குள் அவர்கள் காட்டிய அழகு தனிக் கலை என்றே சொல்வேன். மதுரையிலிருந்து வந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1926-ல் முதல் தட்டுக்குப் பாடியபோது அவருக்கு வயது பத்து!

இந்தியாவில் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நடந்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். பதிவு செய்தவர் பிரெட் கைஸ்பெர்க். அப்போது மைக் கிடையாது. பெரிய குழாய்க்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். பாடியது யார் என்று அங்கிருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெட்டிக்குள்ளே நடப்பதும் அதிசயம்தான். சாவி கொடுக்கும்போது பல அடி நீள எஃகுப் பட்டை ஓர் உருளைக்குள் இறுகிச் சுருள்கிறது. விட்டால் ஒரே பாய்ச்சலில் அவிழ வேண்டிய வில் அது. ஆனால் தட்டு நிதானமாகத்தானே சுற்றுகிறது? மூன்று சிறு உலோகக் குண்டுகள் ஒரு தண்டைச் சுற்றி ஓடுகின்றன. வேகம் கூடினால் அவை வெளியே விரியும், விரிந்ததும் ஒரு சக்கரத்தை இழுத்துத் தோல் கட்டையில் உரசவிடும், வேகம் அடங்கிவிடும். ஊசியின் நடுக்கத்தை ஒலியாக மாற்றுவது சவுண்ட் பாக்ஸ். பழையவற்றில் அதன் நடுவே காக்காய்ப்பொன் வட்டு பளபளக்கும்; பின்னால் வந்தவற்றில் அலுமினியம். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு எதுவும் இல்லை. சத்தம் வேண்டுமானால் தடித்த ஊசி, மெதுவாக வேண்டுமானால் மெல்லிய ஊசி!

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 1960களில் பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்தன! உலகம் எல்.பி.க்குப் போய்விட்டாலும், கரண்ட் எட்டாத ஊர்களில் சாவிப்பெட்டிதான் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பீட்டில்ஸ் தட்டுகளுக்காக இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தங்கம்போல் மின்னும் பித்தளைக் குழாய், செதுக்கு வேலை செய்த எட்டுப்பட்டைப் பெட்டி, முன்னால் பெரிதாக நாய் மார்க்: இப்படி இருந்தால் அநேகமாக அது புதிதாகக் கோத்தது. பழைய சூட்கேஸ் மாடலின் மோட்டாரைப் பிடுங்கிப் புதுப்பெட்டியில் மாட்டி, நம் நாட்டிலேயே செய்து உலகெங்கும் விற்கிறார்கள். அலங்காரத்துக்கு வைக்கலாம், நல்ல தட்டை அதில் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், அழுக்குப் படிந்த கறுப்பு எச்.எம்.வி. 102 சூட்கேஸ் பெட்டியே மேல். 1931-ல் வந்த மாடல். சரிசெய்தால் இன்னும் பல வருஷம் பாடும்.

உங்கள் வீட்டுச் சாமான் அறையில் அப்படி ஒன்று இருந்தால், எடுத்தவுடன் சாவி கொடுக்காதீர்கள். உள்ளே கிரீஸ் கல்லாகியிருக்கும். வில்லிருக்கும் உருளையை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், கையைக் கிழித்துவிடும். தெரிந்தவரிடம் கொடுங்கள். தட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணி போதும். படுக்கவைத்து அடுக்காமல் நேராக நிறுத்துங்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் லேபிளில் இருக்கும் பாடகர் பெயர், பாட்டு, தட்டு எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேறெங்கும் கிடைக்காத ஒரு குரல் உங்கள் வீட்டில் இருக்கலாம்.