எட்டுப் பேருக்கு ஓர் அண்டம்

ஒரகடம் பக்கத்து உதிரிபாக ஆலைகளில் கார் பம்பர் பிறக்கும் விதம் எளிது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் எடுக்கிறார்கள். செலவெல்லாம் அச்சு செய்வதில்தான். அச்சு கைக்கு வந்துவிட்டால் ஆயிரம் உருப்படி வார்ப்பது பெரிய காரியமில்லை. பலகை விளையாட்டுகளின் குட்டிப் போர்க்கப்பல்களும் இதே இன்ஜெக்‌ஷன் மோல்டிங் முறையில் வருபவைதான்.

அப்படி 350க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் காய்களோடு வந்தது 'ட்விலைட் இம்பீரியம்' விளையாட்டின் நான்காம் பதிப்பு (2017). முதல் பதிப்பை 1997இல் வடிவமைத்தவர் கிறிஸ்டியன் பீட்டர்சன். மெகட்டோல் ரெக்ஸ் என்ற தலைநகரக் கோளைச் சுற்றி 17 இனங்கள் மோதும். ஆறு பேர் வரை ஆடலாம். ஒரு நாள் விடுமுறை போய்விடும். ஆனால் அதிகக் கோள்களைப் பிடித்தவர் வெல்வதில்லை. அறிவிக்கப்படும் இலக்குகளை நிறைவேற்றி முதலில் 10 புள்ளி எடுப்பவரே வெல்வார். படை பெருத்தவர் தோற்பதைப் பார்ப்பது தனி சுகம்.

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் வெவ்வேறு பலம் இருப்பதுபோல, இங்கே ஒவ்வோர் இனத்துக்கும் தனித் திறமை உண்டு. வடிவமைப்பாளரின் தலைவலியும் அதுதான். 17 இனங்களை இரண்டிரண்டாக மோதவிட்டால் சமன் பார்க்க வேண்டியவை 136 ஜோடிகள். 2020இல் வந்த விரிவாக்கப் பெட்டியான 'பிராஃபசி ஆஃப் கிங்ஸ்' 7 இனங்களைக் கூட்டியது. ஜோடிகள் 276 ஆகிவிட்டன!

இத்தனை இனங்களுக்கும் தனித்தன்மை தந்த விதம் சாமர்த்தியமானது. பழைய இனங்களையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் மூன்று வகைத் தலைவர்கள் கிடைத்தார்கள், எல்லாம் அட்டையில். 'மெக்' என்ற தரைப்படை எந்திரம் எல்லா இனத்துக்கும் ஒரே வடிவம். திறமை மட்டும் அட்டைக்கு அட்டை மாறும். எட்டுப் பேர் ஆட வழிசெய்யும் இரண்டு புதிய நிறக் கப்பல்களும் பழைய வடிவங்களே. அச்சு விலை அதிகம், காகிதம் மலிவு என்ற ஆலைக் கணக்கு இதற்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆளில்லாக் கோளைப் பிடித்ததும் ஓர் ஆய்வு அட்டையை எடுக்கும் விதிதான் இதில் ஆகச் சிறந்த சேர்க்கை. முன்பு சலிப்பாக நகர்ந்த முதல் சுற்றுகளுக்கு அது உயிர் தந்தது.

இந்தப் பெட்டியை மட்டும் வாங்கி ஆட முடியாது. மூலப் பெட்டியும் வேண்டும். புதியவர்கள் மூலத்தையே நான்கு பேராக இரண்டு முறை ஆடிவிட்டு இதைத் தொடுங்கள்.