நடைப்பிணங்களுக்கு நடுவே ஒரு காதல்

இறந்தோர் எழுந்து நடந்து, எதிர்ப்பட்டோரைக் கடித்துத் தின்னும் கதையைக் கண்டு நாம் அஞ்சலாம், அருவருக்கலாம். சிரிக்கவும், அதற்கிடையே ஒரு காதலனுக்காகக் கவலைப்படவும் கூடுமோ? கூடும் என்று மெய்ப்பித்தது 2004-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த 'ஷான் ஆஃப் த டெட்' என்னும் திரைப்படம். நடைப்பிணங்களோடு கூடிய காதல் நகைச்சுவை என்றே அதனை விளம்பரமும் செய்தனர்.

மேனாட்டார் 'ஜாம்பி' என்பதையே நடைப்பிணம் என்கிறோம். இச்சொல் நமக்குப் புதியதன்று. மனம் செத்து, உண்டு உறங்கித் திரிபவனை இவ்வாறு கடிந்துகொள்வது நம் வீடுகளில் வழக்கந்தானே? ஹெயிட்டி நாட்டு மக்களின் நம்பிக்கையில் ஜாம்பி என்பது மந்திரவாதிக்கு அடிமையாக உழைக்கும் உடல். அதனை மனிதரைத் தின்னும் கூட்டமாகத் திரையில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. 1968-இல் அவர் எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

எட்கர் ரைட் இயக்கிய பிரிட்டிஷ் படமோ வேறு வழியில் செல்கிறது. அவருடன் சேர்ந்து கதையை எழுதிய சைமன் பெக்கே நாயகன் ஷானாக நடித்தார். லண்டனில் மின்சாதனக் கடை ஒன்றில் விற்பனையாளன், வயது 29. மாலைதோறும் அதே மதுக்கடை, அதே நண்பன். காதலி லிஸ் பொறுத்துப் பார்க்கிறாள். உணவு விடுதியில் இடம் பதிவு செய்கிறேன் என்றவன் அதையும் மறந்துவிடுகிறான். சமாதானத்திற்கு அவன் நீட்டும் மலர்க்கொத்தில், தாய்க்கு என்று எழுதிய அட்டை தொங்குகிறது! அவள் பிரிந்துவிடுகிறாள்.

மறுநாள் காலை தெருவெல்லாம் நடைப்பிணங்கள். ஷான் வழக்கம்போல் மூலைக்கடைக்கு நடந்துபோய்த் திரும்புகிறான், எதையும் கவனிக்கவில்லை. நாம் வாய்விட்டுச் சிரித்த இடம் இது. ஆனால் அச்சிரிப்பு சற்றே உறுத்தவும் செய்தது. பேருந்துக்குக் காத்திருந்தோரின் வெறித்த முகங்களைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிட்டதே! பிணமாகுமுன்பே அவர்கள் அப்படித்தான் இருந்தனர்.

தாயை அழைத்து வரவேண்டும், லிஸ்ஸை மீண்டும் பெறவேண்டும், வாழ்வைச் சீர்ப்படுத்தவேண்டும். முதல் நாள் இரவு குடிமயக்கத்தில் எழுதிவைத்த இத்திட்டந்தான் இப்போது உயிர்ப்பிரச்சினையாகிறது. இக்கதையின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என எண்ணுகிறோம். சாதாரணக் காதல் கதையில் 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவன் தள்ளிப்போட முடியும். இங்கே நாளை இல்லை. உலகமே குலையும்போது யார் வீட்டுக் கதவைத் தட்ட ஓடுகிறான் என்பதில் அவனுடைய அன்பு வெளிப்பட்டுவிடுகிறது.

மாற்றாந்தந்தை பிலிப்புடன் ஷானுக்கு என்றும் ஒத்துப்போனதில்லை. கடிபட்டுக் காரில் சாய்ந்திருக்கும் அப்பெரியவர், உன்மீது எனக்கு எப்போதும் அன்பு உண்டு, தந்தையாக நடப்பதுதான் எளிதாயிருக்கவில்லை என்ற கருத்துப்பட மெல்லக் கூறி இறக்கிறார். கண்ணீர் துளிர்க்குமுன் நடைப்பிணமாக எழுந்து, காரில் அலறும் பாட்டை நிறுத்துகிறார். உயிரோடிருந்தபோதும் அவருக்கு இரைச்சல் ஆகாது! தாய் பார்பராவோ தான் கடிபட்டதையே மறைக்கிறாள், பிறருக்குத் தொல்லை வேண்டாமென்று. காய்ச்சலை மறைத்துச் சமைக்கும் தாய்மாரை அறிந்த நமக்கு அக்காட்சி பொறுக்கவில்லை.

பெற்றோர் ஒன்று கவனிக்க: பிரிட்டனில் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் காணத்தகாது எனச் சான்றளிக்கப்பட்ட படம் இது. குருதியும் வசைமொழியும் மிகுதி. நம்முள் சிலர் இருமுறை கண்களை மூடிக்கொண்டோம்.

2013-இல் வந்த அமெரிக்கப் படமாகிய 'வார்ம் பாடீஸ்' இதனினும் மென்மையானது. ஐசக் மரியோன் எழுதிய நாவலின் திரைவடிவம். அதில் காதலனே நடைப்பிணம். பெயர் 'ஆர்', காதலி ஜூலி. ரோமியோ, ஜூலியட் நினைவு வருவது தற்செயலன்று. அன்பினால் அவன் இதயம் மீண்டும் துடிக்கிறது. இனிமைதான், எனினும் அம்மருந்து எளிதில் கிடைத்துவிடுகிறது. ஷானுக்குக் கிடைத்ததோ இழப்புகளுக்குப் பின்.

ஆறு மாதம் கழித்து ஷானும் லிஸ்ஸும் ஒரே வீட்டில் இருக்கின்றனர். தேநீர், செய்தித்தாள், மதுக்கடை, தொலைக்காட்சி என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டமிடுகின்றனர். இம்முறை அந்தச் சலிப்பான நாளை ஆசையோடு வகுப்பவள் லிஸ். ஷான் தோட்டத்துக் கொட்டகைக்குச் செல்கிறான். அங்கே சங்கிலியிட்ட நண்பன் எட், நடைப்பிணமாகியும், பழையபடி வீடியோ விளையாட்டில் மூழ்கியிருக்கிறான். ஷானும் அருகில் அமர்ந்துகொள்கிறான்.