ரோபோவை ஓட்டுறது ஈஸி... 'நான் எங்க இருக்கேன்?'னு அதுக்குத் தெரியுமா?

பூந்தமல்லி பக்கம் இருக்கிறவர்களுக்கு டிரைவர் இல்லாத வண்டி ஒன்றும் புதுசு இல்லை. டிரைவர் இல்லாமல் ஓடும்படி வடிவமைத்த மெட்ரோ ரயில், 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் போனது. ஆவடிக்காரர்களிடம் அதைவிடப் பழைய கதை இருக்கிறது. அங்கே டி.ஆர்.டி.ஓ-வின் போர் வாகன ஆய்வகமான சி.வி.ஆர்.டி.இ, 2017-லேயே 'முந்த்ரா' என்ற ஆளில்லா வாகனத்தைக் காட்சிக்கு வைத்தது. டேங்க் மாதிரி சங்கிலிச் சக்கரத்தில் ஓடும். கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று என்று அதில் வகைகளும் உண்டு.

இரண்டிலுமே டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. ஆனால், 'ஆட்டானமஸ் மொபைல் ரோபோ' பாடம் நடத்தும் பேராசிரியரிடம் கேட்டால், இரண்டுமே நம்ம சிலபஸ் இல்லைப்பா என்றுதான் சொல்வார். முந்த்ராவைத் தொலைவில் உட்கார்ந்து ஒரு மனிதர் இயக்குகிறார். மெட்ரோவுக்குத் தண்டவாளம் இருக்கிறது. முன்னே போகலாம், பின்னே வரலாம், அவ்வளவுதான். தண்டவாளமும் கிடையாது, ரிமோட் பிடிக்க ஆளும் கிடையாது என்று ஒரு குடோனுக்குள் இறக்கிவிட்டால், ஆட்கள், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தானே வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். அந்த வண்டிக்கு மூளை எழுதுவதுதான் இந்தப் படிப்பு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்ஜினீயரிங் காலேஜ்களில் ரோபோ ப்ராஜெக்ட் என்றால் இன்னமும் 'லைன் ஃபாலோயர்'தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிட் வாங்கி, தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் வண்டியை ஓடவிட்டு வீடியோ எடுத்தால் முடிந்தது. முதல் செமஸ்டருக்கு நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த டேப்பும் ஒரு தண்டவாளம்தானே? ஃபீஸ் கட்டிச் சேர்ந்த கோர்ஸ் அந்த டேப்போடு நின்றுவிட்டால், பாடத்தின் முதல் கேள்வியையே நீங்கள் தொடவில்லை. 'நான் இப்போ எங்க இருக்கேன்?' என்பதுதான் அந்தக் கேள்வி.

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். கிட்டில் வரும் மஞ்சள் மோட்டாரின் சக்கரம் 65 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். கூடவே வரும் 20 துளை வட்டை மாட்டினால், ஒரு துளைக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர். கணக்கு சூப்பர்! ஆனால் ஒரு சக்கரம் மட்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி. நேராகப் போ என்று 10 மீட்டர் விரட்டினால், வண்டி 29 டிகிரி திரும்பி, போக வேண்டிய கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் விலகி நிற்கும். அரை மில்லிமீட்டருக்கு இந்தக் கதி! இதில் டைல்ஸில் வழுக்கியது, வயரில் ஏறி இறங்கியது எல்லாம் சேரவே இல்லை. மோசம் என்னவென்றால், ரோபோ தன் கணக்குப்படி நேராகத்தான் வந்திருக்கிறது. தப்பாக நிற்பதே அதற்குத் தெரியாது.

ஜி.பி.எஸ் இருக்கே? உங்கள் மொபைலில் மேப்பைத் திறந்து அந்த நீலப் புள்ளியைப் பாருங்கள். சில நேரம் அதைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் வரும். 'இந்த வட்டத்துக்குள்ள எங்கேயோ இருக்கீங்க, எங்கேன்னு சரியாத் தெரியாது' என்று போன் நேர்மையாகச் சொல்கிறது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். தகரக் கூரை போட்ட குடோனுக்குள் அதையும் நம்ப முடியாது. ஆனால் அந்த வட்டம் இருக்கிறதே, அதுதான் இந்தப் படிப்பின் உயிர்நாடி. நல்ல ரோபோ தன் இடத்தை மட்டும் குறித்துவைப்பதில்லை, தன் சந்தேகம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே குறித்துவைக்கும்.

ஆவடி லோக்கலில் தூங்கி எழுந்தால்...

எப்படி என்கிறீர்களா? சென்ட்ரலில் ஆவடி லோக்கல் ஏறி, வில்லிவாக்கம் தாண்டியதும் அசந்து தூங்கிவிட்டீர்கள். கண் விழித்தால் ஏதோ ஒரு ஸ்டேஷன். போர்டு தெரியவில்லை. கொரட்டூரா, பட்டரவாக்கமா, அம்பத்தூரா, திருமுல்லைவாயிலா? எதுவாகவும் இருக்கலாம். தொழிற்பேட்டை ஐ.டி கார்டு மாட்டிய கூட்டம் இறங்குகிறது. பட்டரவாக்கமோ அம்பத்தூரோதான் என்று மனசு சாய்கிறது. ஆனாலும் மற்ற இரண்டையும் முழுசாக விட்டுவிடவில்லை. ரயில் கிளம்புகிறது. மனதில் இருந்த ஒவ்வொரு யூகமும் ஒரு ஸ்டேஷன் முன்னே நகர்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில்கள் வரிசையாக நிற்கின்றன. அட, அன்னனூர் பணிமனை! மற்ற யூகமெல்லாம் காலி. அடுத்து ஆவடி, பையை எடு!

இப்போது நீங்கள் செய்ததற்குப் பெயர் 'பார்ட்டிகிள் ஃபில்டர்'. ரோபோவும் இதைத்தான் செய்கிறது, ஆனால் நான்கு யூகத்துக்குப் பதில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். வண்டி நகர்ந்தால் எல்லா யூகமும் நகரும். லைடார் சென்சார் லேசர் ஒளியை வீசிச் சுவரின் தூரத்தை அளந்ததும், அந்த அளவோடு பொருந்தாத யூகங்கள் உதிரும், பொருந்துபவை பெருகும். கண்ணாடிக் கதவு வந்தால் லேசர் ஊடுருவிப் போய், அங்கே ஒன்றுமே இல்லை என்று சென்சார் சத்தியம் செய்யும். அதனால் சென்சாரையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். பிளஸ் டூ-வில் சாய்ஸில் விட்ட நிகழ்தகவு பாடம் திரும்பி வந்து நிற்பது இங்கேதான்.

இது வெறும் தியரி இல்லைங்க. 2004-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, பாலைவனத்தில் தானியங்கி வண்டிகளுக்குப் பந்தயம் வைத்தது. ஒரு வண்டிகூட முடிக்கவில்லை. அதிக தூரம் போனதே சுமார் 12 கிலோமீட்டர்தான். அடுத்த வருஷமே ஐந்து வண்டிகள் எல்லையைத் தொட்டன. ஜெயித்தது செபாஸ்டியன் த்ரன் தலைமையிலான ஸ்டான்ஃபோர்டு அணியின் 'ஸ்டான்லி'. தன் சொந்த அளவுகளில் எவ்வளவு பிழை இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து, வெறும் தரையைப் பாறை என்று நினைத்து மிரள்வதை அது வெகுவாகக் குறைத்துக்கொண்டது.

இருக்கிற இடம் தெரிந்துவிட்டால், போகிற வழி கண்டுபிடிப்பது பாதி தீர்ந்த பிரச்னை. 1959-ல் வெளியான டைக்ஸ்ட்ராவின் வழியும், 1968-ல் வந்த 'ஏ ஸ்டார்' முறையும் இன்றும் பாடத்தில் இருக்கின்றன.

கையில் காசு இல்லையா?

பரவாயில்லை பாஸ். 'ஆர்.ஓ.எஸ் 2' என்ற மென்பொருள் தொகுப்பும், 'கஸீபோ' என்ற சிமுலேட்டரும் இலவசம். லேப்டாப்பில் உபுண்டு போட்டால் போதும், வண்டி வாங்காமலே வண்டி ஓட்டலாம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிரில் ஸ்டாக்னிஸ் இந்தப் பாடங்களை யூடியூபில் வரிசையாகப் போட்டிருக்கிறார். மும்பை ஐ.ஐ.டி-யின் 'இ-யந்த்ரா' போட்டியில் டீமாக இறங்கலாம். ஆனால் சிமுலேட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே சக்கரம் வழுக்காது, நீங்கள் வழுக்கச் சொன்னால் தவிர.

கோர்ஸில் சேர்வதற்கு முன் லேப் பார்க்கப் போவீர்கள் இல்லையா? அங்கே ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அனுமதி கேட்டு அதைத் தூக்கி, அறையின் வேறொரு மூலையில் வையுங்கள். இந்தத் துறையில் இதற்கு 'கடத்தப்பட்ட ரோபோ பிரச்னை' என்றே பெயர். அது பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துச் சுவரில் முட்டுகிறதா, இல்லை தயங்கி, சுற்றிப் பார்த்து, இடம் பிடிபட்டபின் நகர்கிறதா என்று கவனியுங்கள். முட்டினாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஏன் முட்டியது என்று அங்கிருக்கும் சீனியர் மாணவரிடம் கேளுங்கள். அவர் போர்டில் வரைந்து விளக்க ஆரம்பித்தால், தைரியமாக அப்ளிகேஷன் வாங்கலாம்.