செம்பு தந்த தீவு! செந்நீர் வடித்த தீவு!

வேலியோரம் சிவந்து கிடக்கும் காகிதப்பூவைப் பார்த்திருப்பாய், தோழா! அதற்குப் புத்தகத்தில் பெயர் போகன்வில்லா. பிரெஞ்சு மாலுமி போகன்வில் பெயரால் வந்தது. அதே மாலுமி 1768-ல் பசிபிக் கடலில் ஒரு மலைத்தீவின் ஓரமாகக் கப்பலில் போனார். போனவர் பெயரே தீவுக்கு நிலைத்தது! ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவன் அதை என்னவென்று அழைத்தான்? கேட்பார் இல்லை!

சாலமன் தீவுக் கூட்டத்தில் பெரியது போகன்வில். நீளம் சுமார் 200 கிலோமீட்டர். தலைமாடு முதல் கால்மாடு வரை முதுகெலும்பாய் மலைத்தொடர். பால்பி சிகரம் 2,700 மீட்டரைத் தாண்டி நிற்கும். பகானா எரிமலை புகை கக்கும். கரையிலே தென்னை, சரிவிலே கோகோ, உள்ளே வெயில் நுழையாத காடு. பேர்ல் துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட ஜப்பானியத் தளபதி யாமமோட்டோவின் விமானம், 1943-ல் சுட்டு வீழ்த்தப்பட்டது இந்தக் காட்டில்தான். அதன் சிதைவைக் காண இன்றும் ஆள் வருகிறது.

மக்கள்? கரிய நிறத்தவர். அந்த நிறத்தைக் குறையென்று எண்ணாதவர். பெருமையென்று நெஞ்சு நிமிர்த்துபவர். தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியே வருவது. மண்ணுக்குரியவள் மங்கை!

அந்த மண்ணுக்கடியில், பாங்குனா மலையில், செம்பும் பொன்னும் கிடந்தன. அன்று ஆண்டது ஆஸ்திரேலியா. "மேல்மண் உனக்கு, அடியிலுள்ள தாது ஆட்சிக்கு" என்றது சட்டம். 1969-ல் ரொரோவானா ஊர்ப் பெண்கள், அளவுக் கல்லைக் கட்டிப்பிடித்துத் தடுத்தார்கள். தடியும் கண்ணீர்ப்புகையும் பதில் சொல்லின!

1972-ல் சுரங்கம் ஓடியது. 1975-ல் பப்புவா நியூகினி விடுதலை பெற்றது. தீவு அதனுள் அடங்கியது. அந்நாட்டு ஏற்றுமதி வருவாயில் பாதியை நெருங்கும் பங்கு இந்த ஒரே குழியிலிருந்து வந்தது. செம்பு கப்பலேறியது, கழிவோ ஜாபா ஆற்றில் இறங்கியது. மீன் போயிற்று, தோட்டம் போயிற்று. நிலத்துக்குரியவனுக்குக் கிடைத்தது என்ன? சிந்திய பருக்கை!

பொறுத்தார்கள், முறையிட்டார்கள், பிறகு வெடித்தார்கள். அதே சுரங்கத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஓனா தலைமையேற்றார். மின்கம்பங்கள் சாய்ந்தன. 1989-ல் சுரங்கம் மூடிற்று. படை வந்தது. 1990-ல் கடல்வழி முற்றுகை! மருந்தில்லை, பெட்ரோல் இல்லை. தேங்காயைப் பிழிந்து எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டினார்கள், தோழா! ஆனால், தேங்காய் எண்ணெய் நோய் தீர்க்குமா? போர் 1998-ல் ஓய்ந்தபோது, மாண்டவர் தொகை 20,000 வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். தீவான் தீவானைக் கொன்ற கொடுமையும் அதில் உண்டு, மறைப்பதற்கில்லை. சமாதானத்துக்கு வழி தேடியவர்களில் முன்னின்றவர்கள் அந்தத் தாய்மார்கள்!

2001-ல் உடன்படிக்கை. 2019-ல் வாக்கெடுப்பு. "தனிநாடா, கூடுதல் தன்னாட்சியா?" என்று கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தனிநாடு என்றார்கள். ஆயினும் முடிவுக்கு முத்திரையிடும் உரிமையை, பப்புவா நியூகினி நாடாளுமன்றத்திடமே வைத்தது உடன்படிக்கை.

சுரங்கத்தை நடத்திய நிறுவனத்தின் தலைமைப் பங்காளி ரியோ டின்டோ, 2016-ல் தன் பங்கைக் கைகழுவிவிட்டுப் போனது. பங்கைக் கைகழுவலாம்; ஆற்றைக் கழுவியது யார்?

குழி அங்கேயே வாய் பிளந்து கிடக்கிறது. தோண்டியவன் போய்விட்டான்; தாங்கியவள் இருக்கிறாள். மண்ணைக் கேட்காமல் மண்ணுக்கடியைக் கணக்கிடுவோர் எவராயினும், அந்தக் குழியின் விளிம்பில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்!